கோப்பு மேலே போயிருக்கிறது

லீலாவதிக்கு உட்காரத் தெரியாது என்று அந்த அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. டெல்லி ஆர்.கே.புரத்தில் வரிசையாக நிற்கிற அரசாங்கக் கட்டடங்களில் ஒன்று அது; எந்த இலாகா, எத்தனையாவது பிளாக் என்பதெல்லாம் நமக்கு எதற்கு? மூன்றாவது மாடியில், துணைச் செயலர் அறைக்கு வெளியே, பியூனுக்கென்று ஒரு மர ஸ்டூல் கிடந்தது. அதில் உட்கார்ந்திருந்து, உள்ளே மணி அடித்தால் எழுந்து போவதுதான் பியூன் வேலையில் பாதி. லீலாவதி ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட அதில் உட்காரவில்லை. நின்றாள். நடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள். ஜன்னலில் எட்டிக் கீழே போகிற பஸ்களைப் பார்த்தாள், திரும்பி வந்தாள், மறுபடியும் நடந்தாள். கூட வேலை பார்த்த ஹரியானாக்காரி ராம்கலி, "பைட் ஜா, பெஹன்", உட்காரு அக்கா என்று இந்தியில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அந்த ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு இரண்டு பேருக்கும் சேர்த்துத் தானே உட்கார்ந்துகொண்டாள்.

உட்கார்ந்தால் பியூன் ஆகிவிடுவோம் என்று லீலாவதிக்குப் பயம். சம்பளப் பட்டியலில் பியூன், அடையாள அட்டையில் பியூன், போட்டிருக்கிற நீலச் சேலை பியூன் சேலை. அதெல்லாம் போகட்டும், இன்றோ நாளையோ மாறிவிடப் போகிற விஷயம். ஸ்டூலில் மட்டும் உட்கார்ந்துவிடக் கூடாது. இப்படி ஒரு கணக்கு அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது, பைத்தியக்காரத்தனமான கணக்குத்தான்.

அவளுடைய வீட்டுக்காரர் ராஜவேல் அதே மாடியில் உதவியாளராக இருந்தவர். அம்பாசமுத்திரத்துப் பக்கம். தொண்ணூற்று மூன்று ஜனவரியில், எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனியில், பஸ் ஸ்டாப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். லீலாவதிக்கு அப்போது முப்பத்தாறு வயது, மகள் கனிமொழிக்கு ஏழு. வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்துபோனால் குடும்பத்தில் இன்னொருவருக்கு அரசாங்கம் வேலை கொடுக்கும். லீலாவதி பத்தாவது தேறியவள், கிளார்க் வேலைக்கே தகுதி உண்டு. ஆனால் கிளார்க் இடம் காலியில்லை. எப்போது காலியாகும் என்பது கடவுளுக்கும் தெரியாது. பியூன் இடம் ஒன்று உடனே இருந்தது. ஒரு வருடத்துக்குள் வீட்டில் யாருக்காவது வேலை கிடைக்காவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ரயிலேற வேண்டியதுதான்.

அவளுடைய அண்ணன் திருநெல்வேலியிலிருந்து போன் போட்டு, மானத்தை வாங்காமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வா என்றார். மலை மந்திர் முருகன் கோயிலில் பார்க்கிற தமிழ்க்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். ராஜவேல் பெண்டாட்டி, அவர் உட்கார்ந்து வேலை பார்த்த இடத்திலேயே டீ கொண்டு வந்து வைப்பதா என்று. பேச எல்லாருக்கும் சுலபம். அண்ணன் வீட்டுத் திண்டாட்டம் என்னவென்று லீலாவதிக்குத் தெரியும், கையெழுத்தைப் போட்டாள். அவள் வாழ்க்கையில் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்தக் கையெழுத்தைப் போடும்போது பக்கத்தில் இருந்தவர் செல்வராஜ். நிர்வாகப் பிரிவில் வேலை, மதுரைக்காரர். தன் கல்யாணத்துக்கு முன்னால் பாதி நாள் அவருக்கு ராஜவேல் வீட்டில்தான் சாப்பாடு. அவர்தான் சொன்னார்: "இப்போதைக்கு இதை வாங்கிக்கிருங்க அண்ணி. உள்ள நுழைஞ்சிட்டா அப்புறம் கிளார்க்கா மாத்திக்கிறலாம். ஒரு மனு எழுதிக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்."

மனுவை எழுதிக் கொடுத்தாள். கோப்பு ஒன்று திறக்கப்பட்டது. அன்றைக்குப் பிடித்தது சனி.

கோப்பு நகர்கிறது என்றால் மனுஷிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளுமா? உதவியாளர் குவார்ட்டர்ஸிலிருந்து பியூனுக்குரிய ஒற்றை அறை வீட்டுக்கு மாறியபோது, நான்கு டிரங்குப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தாள். அந்தக் கயிற்றை அவிழ்க்கவே இல்லை. கிளார்க் ஆனதும் பெரிய வீடு கிடைக்கும், மறுபடி யார் கட்டுவது என்பாள். சுவரில் ஓர் ஆணி அடிக்கவில்லை. காலண்டர் டிரங்குப் பெட்டி மேல் சாய்ந்து நின்றது. கண்ணாடி ஜன்னல் விளிம்பில் நின்றது. கனிமொழி அந்தக் கண்ணாடியில் குனிந்து தலைவாரியே வளர்ந்தாள். பஸ்ஸில் வீட்டுச் சேலை, ஆபீஸ் போய்க் கழிப்பறையில் மாற்றி நீலச் சேலை, சாயங்காலம் மறுபடி வீட்டுச் சேலை. அண்ணனுக்கு எழுதுகிற கடிதத்தில், கோப்புகள் எல்லாம் என் கை வழியாகத்தான் போகின்றன என்று எழுதுவாள். அதில் பொய் ஒன்றுமில்லை பாருங்கள்.

மாதத்துக்கு ஒருமுறை, சம்பளம் வந்த மறுநாள், செல்வராஜின் மேஜை அருகே போய் நிற்பாள். அவரும் சட்டென்று எழுந்து நின்றுவிடுவார். அந்த அலுவலகத்தில் பியூன் வந்தால் எழுந்து நிற்கிற ஒரே ஆள் அவர்தான். அவளை மணியடித்துக் கூப்பிட மாட்டார், தண்ணீரைத் தானே போய்ப் பிடித்துக்கொள்வார், டீ வேண்டுமென்றால் கீழே இறங்கிப் போய்க் குடித்துவிட்டு வருவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

"கோப்பு எங்க இருக்கு தம்பி?" என்று லீலாவதி கேட்பாள்.

"மேல போயிருக்கு அண்ணி" என்பார் செல்வராஜ்.

சில மாதம் விவரமாகவே வரும். நிதிப் பிரிவில் ஏதோ கேள்வி கேட்டிருக்கிறார்கள், பதில் எழுதியாயிற்று. புது இணைச் செயலர் வந்திருக்கிறார், முதலிலிருந்து படித்துப் பார்க்கிறாராம். சம்பளக் கமிஷன் அறிக்கை வரட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அறிக்கை வந்துவிட்டது, இனிமேல் வேகமாக நகரும். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு வருகிற அன்று லீலாவதியின் கால் தரையில் பாவாது. பால் பொங்கப்போகிறது என்று அடுப்பை விட்டு நகராமல் நிற்கிற மாதிரி ஒரு நிலை. சாயங்காலம் மகளுக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டு போவாள். ஒரு வாரம் இப்படி ஓடும். இரண்டாவது வாரம் சந்தேகம் வரும், மூன்றாவது வாரம் தூக்கம் போகும், நான்காவது வாரம் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவாள். மறுபடி சம்பள நாள். நம்பிக்கை நல்லது நல்லது என்கிறார்கள். ஏழு வருடம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடையாய் நடந்தவளைக் கேட்டால் தெரியும் அது எவ்வளவு நல்லது என்று.

இரண்டாயிரமாம் வருடம் நவம்பரில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நடைகளில் நிற்கிற பழைய அலமாரிகளை எடுக்க வேண்டும், முடிந்துபோன கோப்புகளைக் கழிக்க வேண்டும். நிர்வாகப் பிரிவின் அலமாரியைக் காலி செய்கிற வேலை லீலாவதிக்கும் ராம்கலிக்கும் வந்தது. ராம்கலிக்கு எழுத்து தெரியாது. அவள் கட்டைத் தூக்கித் தர, லீலாவதி அட்டையில் வருடத்தைப் பார்த்து அடுக்கினாள். தும்மல் தும்மலாக வந்தது. தொண்ணூற்று நான்காம் வருடத்துக் கட்டில், முடிந்தவை என்று சிவப்பில் எழுதிய சீட்டுக்குக் கீழே, மூன்றாவது கோப்பின் அட்டையில் தன் பெயரைப் பார்த்தாள்.

அவள் கோப்புகளைத் திறக்கிறவள் அல்ல. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது கோப்புகள் கையில் ஏறி இறங்கும், ஒன்றின் நாடாவைக்கூட அவிழ்த்ததில்லை. கட்டின கோப்பைக் காவிக்கொண்டு போகிறவன் அவிழ்த்துப் பார்த்தால் அது திருட்டு என்பார் ராஜவேல். அதனால் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். முடிந்தது என்றால் நல்லபடியாகவும் முடிந்திருக்கலாம் அல்லவா? அப்படியும் ஒரு நினைப்பு ஓடியது. பிறகு அவிழ்த்தாள்.

உள்ளே மொத்தம் இரண்டு தாள்தான். முதலில் அவள் கைப்பட எழுதிய மனு. அடுத்ததில், கருணை அடிப்படையில் ஒரு பதவியை ஏற்றுக்கொண்டவருக்கு வேறு பதவி கோர விதிகளில் இடமில்லை, மனுதாரருக்குத் தெரிவிக்கவும் என்று ஆங்கிலத்தில் நாலு வரி, கீழே அதிகாரியின் கையெழுத்து. அதற்கும் கீழே அவளுக்கு நன்றாகத் தெரிந்த சாய்வெழுத்தில், பார்த்தேன், தெரிவித்துவிடுகிறேன் என்று ஒரு வரி. செல்வராஜ். தேதி, தொண்ணூற்று நான்கு மார்ச் பதினான்கு.

மனு கொடுத்து நாலு மாதத்திலேயே எல்லாம் முடிந்திருந்தது. கோப்பு மேலே போகவே இல்லை. இரண்டு அறை தள்ளி அலமாரியில் படுத்துக் கிடந்திருக்கிறது. இவள் தினமும் அந்த அலமாரியைத் தாண்டித்தான் நடந்திருக்கிறாள்.

ராம்கலி என்ன என்ன என்று கேட்டது காதில் விழவில்லை. லீலாவதி நேரே நிர்வாகப் பிரிவுக்குப் போனாள். மதிய உணவு நேரம், செல்வராஜ் தனியாக டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். வழக்கம்போல் எழுந்தார். கோப்பை அவர் முன்னால் வைத்தாள்.

"தெரிவிச்சிடுதேன்னு எழுதியிருக்கிய. எப்பத் தெரிவிச்சிய தம்பி?"

செல்வராஜ் அட்டையைப் பார்த்தார். டப்பாவை மூடினார். முகத்தில் ஈயாடவில்லை.

"எழுதுன அன்னைக்கே சொல்லத்தான் வந்தேன் அண்ணி. என்னையப் பாத்ததும் நீங்களே ஓடிவந்து கோப்பு எங்க இருக்குன்னு கேட்டீங்க. அண்ணன் போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் உங்க முகத்தை முகமாப் பாத்தேன். வாய் வரல. அடுத்த மாசம் சொல்லிக்கிறலாம்னு நெனச்சேன்."

"அடுத்த மாசம்."

"அப்புறம் அது சொல்ல முடியாத விஷயமாப் போச்சு."

வேறு வழியே கிடையாதா என்று கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. செல்வராஜ் அதற்குப் பதில் சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு ஒருவேளை நல்லது. ஆனால் இத்தனை வருடப் பொய் உடைந்த வேகத்தில் உண்மை மொத்தமாகக் கொட்டிவிட்டது. வழி இருக்கிறது, பரீட்சை. பத்தாவது படித்த பியூன்கள் ஐந்து வருட சர்வீஸ் முடித்திருந்தால் எழுதலாம், தேறினால் கிளார்க். இரண்டு வருடமாக அவளுக்கு அந்தத் தகுதி இருக்கிறது. இரண்டு வருடமும் சர்க்குலர் வந்தது. எந்த சர்க்குலரையும் மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருவது லீலாவதிதான். அந்த ஒன்றை மட்டும் அவர் அவள் கையில் கொடுக்கவில்லை.

"பியூன்களுக்கான பரீட்சைன்னு தலைப்புலயே பெருசாப் போட்டிருக்கும் அண்ணி. அதை உங்க கையிலயே குடுத்து, அண்ணன்கூட வேலை பாத்த ஒவ்வொருத்தன்கிட்டயும் நீட்டச் சொல்ல எனக்கு மனசு வரல. ராம்கலிகிட்ட குடுத்து அனுப்பிட்டேன்."

எழுத்து தெரியாத ராம்கலியிடம்! கத்தினாளா என்றால் இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"என்னைய மதிச்சு மதிச்சே நாசம் பண்ணிட்டிய தம்பி. ஒரு தடவை மணியடிச்சுக் கூப்பிட்டு, உனக்கு ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லியிருந்தா எப்பமோ பொழைச்சிருப்பேன்."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. மாடியிறங்கி, நீலச் சேலையோடேயே வெளியே போனாள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சேலையோடு ரோட்டில் நடக்கிறோம் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. ஒவ்வொரு செக்டராகச் சுற்றிச் சுற்றி நடந்தாள். செல்வராஜை மனசாரத் திட்டினாள். பாளையங்கோட்டைச் சந்தையில் கேட்டறியாத வசவெல்லாம் வந்தது. திட்டித் தீர்ந்தபின் அவளுக்கே ஒன்று தோன்றி, கால் நின்றுவிட்டது. கோப்பு எங்கே போகிறது என்பதற்கு ஒவ்வொரு பிரிவிலும் பதிவேடு இருக்கிறது. தினமும் அந்தப் பதிவேட்டைத் தூக்கிச் சுமக்கிறவள் அவள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், பக்கத்தைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். கோப்பை அவிழ்ப்பதுதான் திருட்டு, பதிவேட்டைப் பார்ப்பது இல்லை. பார்க்கவில்லை. பார்க்க அவளுக்குத் தைரியம் இருந்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். கனிமொழிக்குப் பதினைந்து வயது ஆகியிருந்தது. தமிழும் இந்தியுமாகக் கலந்துகட்டிப் பேசுகிற டெல்லிப் பெண். ஹோம்வர்க்கிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"செல்வராஜ் அங்கிள் ஜூட், பொய் சொல்றார்னு எனக்கு எட்டாங்கிளாஸ்லயே தெரியும்மா."

"தெரிஞ்சா ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"அவர் சொன்ன அன்னைக்கு மட்டும்தான் நீ குஷியா இருப்ப. அதனால."

லீலாவதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்காரர் செத்தபோது ஊர் கூடி நின்றதால் அழ முடியாமல் போன அழுகையும் சேர்ந்து வந்தது. அழுது முடித்ததும் அரிவாள்மனையை எடுத்து நான்கு டிரங்குப் பெட்டிகளின் கயிற்றையும் அறுத்தாள். உள்ளேயிருந்த சாமான்களை எடுத்து வைக்க அந்த ஒற்றை அறையில் இடம் இல்லை. பக்கத்து வீட்டில் சுத்தியல் வாங்கி, கண்ணாடிக்கு ஓர் ஆணி அடித்தாள். கோணலாகத்தான் இறங்கியது.

மறுநாள் அலுவலகத்தில், பரீட்சை விவரத்தை அவளே கேட்டு வாங்கினாள். எழுத்துத் தேர்வு பிப்ரவரியில். ஆங்கிலமும் பொது அறிவும். தேறினால் தட்டச்சுத் தேர்வு, நிமிடத்துக்கு முப்பது வார்த்தை. அந்த வருடம் இடம் மூன்று. எழுத நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். லீலாவதிக்கு வருகிற ஜூனில் நாற்பத்தைந்து முடிகிறது. ஆகவே இந்த ஒரு தடவைதான். விட்டால் ஓய்வுபெறும்வரை நீலச் சேலைதான். விண்ணப்பத்தை அனுப்புகிற வேலை செல்வராஜுடையது. கொடுத்தபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அனுப்பிய எண்ணும் தேதியும் பதிவேட்டில் ஏறுகிறவரை அங்கேயே நின்று, தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

அன்று மத்தியானம் ராம்கலியிடமிருந்து ஸ்டூலைத் திரும்ப வாங்கி உட்கார்ந்தாள். படிக்க ஓர் இடம் வேண்டுமே! மடியில் பழைய ஆங்கிலப் பத்திரிகை, அதன் மேல் பென்சில். மணியடித்தால் போனாள், வந்தாள், விட்ட வரியிலிருந்து படித்தாள். கணவரோடு வேலை பார்த்தவர்கள் தாண்டிப் போகும்போது நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை. உட்கார்ந்துவிட்டாளே தவிர மனசு ஒரு நிமிடம் உட்காரவில்லை. முன்பு காலில் இருந்த பரபரப்பு இப்போது தலைக்குள் ஏறிக்கொண்டது. குழம்பு கொதிக்கும்போது நாடுகளின் தலைநகரங்கள், பஸ்ஸில் ஆங்கில வினைச்சொல்லின் காலங்கள். ஒரு நாள் துணைச் செயலருக்குக் காபிக்குப் பதிலாக வெந்நீரைக் கொண்டுபோய் வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

முனிர்க்காவில் ஒரு மலையாளி நடத்திய தட்டச்சு நிலையத்தில், ஆபீஸுக்கு முன்னால் ஒரு மணி நேரம் கற்றுக்கொண்டாள். டிசம்பர் குளிரில் இயந்திரத்தின் இரும்பே ஐஸாக இருக்கும். சுண்டுவிரலுக்கு வலு போதாது. ஏ என்ற எழுத்து மட்டும் எப்போதும் மங்கலாக விழும். பக்கத்தில் இருபது வயதுப் பிள்ளைகள் கடகடவென்று அடித்துத் தள்ளுவார்கள். ஜனவரி முடிவில் அவள் வேகம் பதினான்கு வார்த்தை. நாம் என்ன வேடிக்கை காட்டுகிறோமா, இந்த வயதில் எதற்கு இது என்று அழுகை முட்டும். கனிமொழிகூட ஒரு நாள், சாப்பிடும்போதும் அம்மாவின் விரல்கள் தட்டின் விளிம்பில் தட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, தோடா, கொஞ்சம் சும்மா இரேம்மா என்று கெஞ்சினாள்.

எழுத்துத் தேர்வில் தேறினாள். ஏப்ரலில் தட்டச்சுத் தேர்வு. அந்தக் காலத்தில் தேர்வுக்கு இயந்திரத்தை எழுதுகிறவர்களே கொண்டுபோக வேண்டும். நிலையத்தில் வாடகைக்கு எடுத்து ஆட்டோவில் ஏற்றிப் போய் இறங்கினால், தேர்வு நடக்கிற கூடம் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லை. கூடவே வருவேன் என்று அடம்பிடித்து லீவு போட்டு வந்திருந்த ராம்கலி, முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்து அதைத் தூக்கித் தலையில் ஏற்றிக்கொண்டாள். கிராமத்தில் இதைவிடப் பெரிய எருமைத் தீவனமெல்லாம் சுமந்தவளாம். வழிநெடுக, படித்தவர்களுக்கு எதற்கு இவ்வளவு கனமான பேனா என்று திட்டிக்கொண்டே ஏறினாள். லீலாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடேயே போய் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் அடித்தாள். முடிந்ததும் தாளை உருவிக் கொடுத்தாள். எத்தனை வார்த்தை, எத்தனை தப்பு என்று அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு இரண்டு மாதம். முந்தைய ஏழு வருடத்தைவிட அந்த இரண்டு மாதம் மோசம். முன்பாவது கேட்க ஓர் ஆள் இருந்தார். பொய்யோ மெய்யோ, ஒரு பதில் வந்தது. இப்போது கேட்கவும் மாட்டாள். செல்வராஜுக்கும் அவளுக்கும் நவம்பரிலிருந்து ஆபீஸ் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. அவள் வந்தால் அவர் இன்னமும் எழுந்து நின்றார். அவள் அதைப் பார்க்காததுபோல் கோப்பை வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் மாதம், அனல் காற்று ஜன்னல் கண்ணாடியைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நடையின் அந்தக் கோடியிலிருந்து செல்வராஜ் ஓட்டமும் நடையுமாக வந்தார். சட்டை முழுக்க வியர்வை. முடிவுகளை ரோட்டுக்கு அந்தப் பக்கம், தலைமை அலுவலகத்துப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அங்கே போய்விட்டு வருகிறார் என்பது பார்த்ததும் தெரிந்தது.

"அண்ணி, பேர் இருக்கு" என்றார்.

லீலாவதி அவர் முகத்தைப் பார்த்தாள். சந்தோஷமான முகம்தான். ஆனால் ஏழு வருடமாகக் கோப்பு மேலே போயிருக்கு என்று சொன்னதும் இதே முகம், இதே குரல். உடம்பு முழுவதும் நம்பத் துடித்தது. அதனாலேயே பயம் வந்தது. கையிலிருந்த தண்ணீர்த் தட்டை ராம்கலியிடம் கொடுத்துவிட்டு மாடியிறங்கினாள்.

அந்த வெயிலில் தெருநாய்கூட வெளியே வரவில்லை. ரோட்டைத் தாண்டி, மதிலோரமாகப் பத்து நிமிட நடை. பாதி தூரம் போனதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே யாரென்று தெரிந்தது. செல்வராஜ் பத்தடி இடைவெளி விட்டு வந்துகொண்டிருந்தார். அவள் வேகமாக நடந்தால் அவரும் வேகமாக நடந்தார், நின்றால் நின்றார். நான் சொன்னது நிஜம் அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல உரிமை இல்லை என்று அவருக்குத் தெரியும்.

பலகையில் கம்பிவலைக்குப் பின்னால் ஒரே ஒரு தாள். கண் கூசியதால் முதலில் வெள்ளையாகத்தான் தெரிந்தது. கையால் நெற்றிக்கு மறைப்பு வைத்துக்கொண்டு பார்த்தாள். மூன்று பெயர்கள். முதல் பெயர் யாரோ. இரண்டாவது, ஆர். லீலாவதி. அப்பா பெயரையும் பிறந்த தேதியையும் தேர்வு எண்ணையும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். வேறு லீலாவதி ஒருத்தி இருந்துவிடப் போகிறாளே என்று மறுபடி முதலிலிருந்து படித்தாள். கீழே கையெழுத்து இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா, தேதி இந்த வருடத்துத் தேதியா என்று பார்த்தாள். எல்லாம் இருந்தது.

திரும்பினாள். செல்வராஜ் அதே பத்தடியில், வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தார். பலகையைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர், தலையெல்லாம் நரைத்துவிட்டது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை. ஆனால் இந்தச் செய்தியைச் சொல்ல அவரைத் தவிர அங்கே யாரும் இல்லை, ராஜவேலும் இல்லை.

"பேர் இருக்கு தம்பி" என்றாள்.

செல்வராஜ் நிமிர்ந்தார். அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறவர்போல் அவளைப் பார்த்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

"அப்படியா அண்ணி" என்றார். "எத்தனையாவதா இருக்கு?"

"ரெண்டாவது" என்றாள் லீலாவதி.